மூன்றாம் திகதிக்கும் பன்னிரண்டாம் திகதிக்கும் இடையில்

"ஜூன் 3, செவ்வாய். காலை 7.10. அக்காவுக்குக் கருமலம். பசி குறைவு. வேறு விசேஷம் இல்லை."

சென்ற வருடத்து நடப்புக் கொப்பியில் என் கையெழுத்தில் இருக்கும் பதிவு இது. நீல மை. அடித்தல் திருத்தல் இல்லை. எழுதும்போது அதில் எனக்குத் திருப்தி கூட இருந்திருக்க வேண்டும். அவ்வளவு சுருக்கமாக, அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. 'வேறு விசேஷம் இல்லை' என்ற மூன்று சொற்களை இப்போது பார்க்கும்போது கொப்பியை மூடி வைக்கத் தோன்றுகிறது. ஆனால் மூடி வைத்ததுதான் ஏற்கெனவே செய்த பிழை. ஆகவே நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

நான் கண்டிக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு விடயத்துக்கு ஒரு கோப்பு என்பது அங்கே படிந்த பழக்கம். அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தேன். பச்சை மட்டைக் கொப்பி மருந்துக்கு: எந்தக் குளிசை, எத்தனை, எப்போது தொடங்கியது, எப்போது நிறுத்தியது. சிவப்பு மட்டைக் கொப்பி நடப்புக்கு: தூக்கம், பசி, காய்ச்சல், மலசலம், வந்து போனவர்கள். நாள் முழுவதும் துண்டுக் கடதாசிகளில் குறித்து, மேசையில் இருக்கும் கம்பியில் குத்தி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலைத் தேநீருக்குப் பிறகு அவற்றைப் பிரித்து, பச்சைக்கு உரியதைப் பச்சையிலும் சிவப்புக்கு உரியதைச் சிவப்பிலும் சுத்தமாகப் படியெடுப்பேன். துண்டுகளைக் கிழித்து எறிந்துவிடுவேன். இரண்டு கொப்பிகளையும் ஒன்றாக விரித்து வைத்த நாள் ஒன்று கூட இருந்ததில்லை. அதற்கு அவசியம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அம்பிட்டியவில் எங்கள் வீடு வீதிக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. இறங்கி வர அறுபத்தொரு படிகள். என் மனைவி இறந்த பிறகு அக்கா என்னோடு வந்து இருக்கிறார். அவருக்கு அப்போது எழுபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவர். பகலில் எங்களுக்கு உதவியாக இருப்பவர் மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண். ஐம்பது வயது தாண்டியவர். பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார், மாதத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போய் வருவார். அக்கா அவரைத் 'தங்கச்சி' என்பார். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

அக்காவும் நானும் பின்னேரம் நாலரைக்கு டவுனுக்குப் போய் வாவியை ஒரு சுற்று நடப்போம். பறவைகள் அடையும் மரங்களுக்குக் கீழே வரும்போது, மழை இல்லாவிட்டாலும் குடையை விரிப்போம். அந்த இடத்தில் அக்கா நாள் தவறாமல், "தம்பி, இண்டைக்கு உன்ரை தலைக்குத்தான்" என்பார். அந்த நடை எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் விளங்காது. தனியே வாவியைச் சுற்ற எனக்கு முடியாது. மனைவி போன பிறகு இரண்டு தடவை முயன்று, பாதியில் திரும்பி வந்திருக்கிறேன்.

பெப்ரவரியில் அக்காவின் வலது முழங்கால் வீங்கியது. எங்கள் குடும்ப வைத்தியர் பார்த்துவிட்டு வலிக் குளிசை எழுதிக் கொடுத்தார். ஐந்து நாள், சாப்பாட்டுக்குப் பிறகு. அதோடு வயிற்றுப் பாதுகாப்புக்கு ஒரு கப்சியூல், காலையில் வெறும் வயிற்றில். அக்கா பல வருடமாக நெஞ்சுக்கு ஒரு சின்ன அஸ்பிரின் எடுப்பவர் என்பதால் அந்தக் கப்சியூலைக் கட்டாயம் எடுக்கச் சொன்னார். இதெல்லாம் பச்சைக் கொப்பியில் இருக்கிறது.

ஐந்து நாளில் வலி குறைந்தது. ஆறாம் நாள் படியேறியபோது திரும்பி வந்தது. நான் வைத்தியரிடம் போகவில்லை. அவர் எழுதித் தந்த அதே மருந்துத் துண்டைக் கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மடவளையைச் சேர்ந்தவர், என் வயதுக்காரர், பழைய பழக்கம். முதல் தடவை தந்தார். இரண்டாம் தடவையும் தந்தார். மார்ச் நடுப்பகுதியில் துண்டை மேசையில் வைத்தபோது அதை விரலால் தட்டினார்.

"சேர், இது அஞ்சு நாள் துண்டு. பெருநாளே வரப் போகுது, இன்னும் ஓடுது."

"வலியும் இருக்குத்தானே" என்றேன்.

"ராத்தாக்கு வயசு என்னா?"

தன் சொந்த மூத்த சகோதரியைச் சொல்வது போலத்தான் அவர் அக்காவைக் குறிப்பிடுவார். எழுபத்தாறு என்றேன்.

"அப்ப வயித்துக் கெப்சியூல உட்டுப் போடாதீங்க. அஸ்பிரினும் ஈக்கி, இதும் ஈக்கி. ரெண்டும் சேந்தா வயசான வயிறு தாங்காது. டொக்டர்ட்ட ஒருக்காக் காட்டிட்டு வாங்களே."

இந்த இடத்தில் நான் அவருக்கு ஒரு விளக்கம் கொடுத்தேன். அந்தக் கப்சியூலை நீண்ட காலம் எடுத்தால் எலும்பு பலவீனப்படும் என்று எங்கோ வாசித்திருந்தேன். முழங்கால் நோய்க்காரருக்கு எலும்பை அரிக்கும் மருந்தைக் கொடுப்பது எவ்வளவு முட்டாள்தனம் என்று, வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, உரத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க வாசிக்கிற மனுசன், சேர். நான் மருந்து விக்கிற மனுசன். இதுக்கு மேல நான் என்னத்தச் செல்ல?"

மார்ச் 17, திங்கள்: "வயிற்றுக் கப்சியூல் நிறுத்தம். காரணம்: எலும்பு." பச்சைக் கொப்பி. நிறுத்தியது வைத்தியர் அல்ல, நான். ஏப்ரலில் மடவளைக்காரர் வலிக் குளிசை தர மறுத்துவிட்டார். "புதுத் துண்டு கொண்டு வாங்க, சேர், கோவிக்க வாணாம்" என்றார். நான் கோபித்துக்கொண்டேன். வேறு கடைக்குப் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா நடந்தார். வாவியை முழுச் சுற்றும் நடந்தார்.

மே மாதக் கடைசியில் அவர் சாப்பாட்டைக் குறைத்தார். "வயிறு நிரம்பின மாதிரி இருக்கு" என்றார். வலி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். உண்மையிலேயே இருக்கவில்லை, இதை அவர் பின்னாலும் உறுதியாகச் சொன்னார். அல்சர் என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிப்பார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். நான் வாசித்தவற்றில் எல்லாம் அப்படித்தான் இருந்தது, அல்லது அப்படி இருந்ததை மட்டும்தான் நான் வாசித்தேன்.

இனி ஜூன் 3. நான் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி வந்து கதவருகில் நின்றார்.

"ஐயா, டீச்சரம்மாவுக்கு வெளிய கருப்பா போகுதுங்க. தார் மாதிரி. தண்ணி ஊத்துனாலும் ஒட்டிக்கிட்டு நிக்குது. வாடையும் ஒரு தினுசா இருக்குங்கய்யா."

"நேற்று வல்லாரைச் சம்பல் சாப்பிட்டவ. அதுதான்."

"வல்லாரைக்கு இப்பிடி வராதுங்க. எங்க மாமியாருக்கு இப்பிடித்தான் போச்சு. டிஸ்பென்சரி ஐயா பாத்த ஒடனே லொறியில ஏத்தி..."

"சரி, சரி. நான் எழுதி வைக்கிறன்."

எழுதியும் வைத்தேன். ஆனால் அவர் சொன்ன தாரையும், ஒட்டுவதையும், வாடையையும் எழுதவில்லை. ஒரு குறிப்பேட்டில் அவையெல்லாம் வேண்டுமா என்று நினைத்தேன். 'கருமலம்' என்ற ஒரு சொல் மரியாதையாக இருந்தது. நோயை அடையாளம் காட்டிய மூன்று விடயங்களையும் மரியாதைக்காக விட்டுவிட்டேன். மாமியாருடைய கதையை அவர் முடிக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

அடுத்த வாரம் அக்கா படியேறும்போது இருபதாவது படியில் உட்கார்ந்தார். "படி கூடிப் போச்சோ தம்பி? எண்ணிப் பார்" என்று பகிடி விட்டார். முகம் வெளிறியிருந்தது. இரத்தக் குறைவு என்று நானே முடிவு கட்டி, இரும்புச்சத்துக் குளிசை வாங்கிக் கொடுத்தேன். ஜூன் 12, வியாழன், பச்சைக் கொப்பி. இரும்பு எடுத்தால் மலம் கறுக்கும் என்பதும் நான் வாசித்திருந்த ஒன்று. தங்கச்சி மறுபடியும் வந்து சொன்னபோது, "இரும்புக் குளிசையாலை. பயப்படத் தேவையில்லை" என்றேன். அதற்குப் பிறகு வல்லாரைச் சம்பல் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. கறுப்புக்குக் காரணம் இரும்பு. அது முடிந்த கதை.

ஜூன் 24, செவ்வாய், ஆஸ்பத்திரியில் அக்கா நெஞ்சுக்குக் காட்டும் மாதாந்த கிளினிக். அங்கே பார்த்த வைத்தியர் சிங்களவர், சாந்தமானவர். அக்காவின் கண் மடலைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார். வலிக் குளிசை ஏதாவது எடுக்கிறாரா என்று கேட்டார். "இடைக்கிடை" என்றேன். ஐந்து நாள் துண்டை நான்கு மாதம் ஓட்டியதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்ததாக வைத்தியர், மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டார். ஆம், இரும்புக் குளிசை கொடுக்கிறேன் என்றேன்.

"இரும்பு தொடங்கிய பிறகா, அதற்கு முன்னமா?"

"பஸ்ஸே, டொக்டர்" என்றேன். பிறகுதான் என்று சிங்களத்தில்.

"நிச்சயமாகவா?"

"நிச்சயம். நான் எல்லாம் எழுதி வைப்பவன்."

அவர் அதை கிளினிக் கொப்பியில் எழுதினார். எந்த வலிக் குளிசையும் இனி வேண்டாம், இரத்தப் பரிசோதனை செய்து அடுத்த செவ்வாய் கொண்டு வாருங்கள், தலைசுற்றினாலோ கறுப்பு நிற்காவிட்டாலோ அதுவரை காத்திருக்காமல் உடனே வாருங்கள் என்றார். அவர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார், ஒன்றை இரண்டு தடவை கேட்டார். வாழ்நாள் முழுவதும் கோப்பைப் பார்க்காமல் யாருக்கும் ஒரு திகதி சொல்லாத நான், அன்று மட்டும் பார்க்காமல் சொன்னேன். இரண்டு கொப்பிகளும் என் பைக்குள்தான் இருந்தன.

அந்தச் செவ்வாய் வருவதற்கு ஒரு நாள் முன்னதாக, ஜூன் 30 காலையில், அக்கா குளியலறையில் விழுந்தார். தங்கச்சி அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தார். அவருடைய சத்தம் கேட்டு ஓடினேன். அக்காவைத் தங்கச்சி மார்போடு சாய்த்துப் பிடித்திருந்தார். நிலமெல்லாம் கறுப்பு, நடுவில் சிவப்பு. அந்த வாடையை நான் அன்றுதான் முதல் தடவை மணந்தேன். அவர் 'ஒரு தினுசு' என்று சொன்னதற்கு வேறு சொல் எனக்கும் கிடைக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். சட்டைப் பையில் இருந்து துண்டுக் கடதாசியை எடுத்து 6.52 என்று எழுதினேன்.

"ஐயா, அந்தப் பேனாவ வச்சிட்டு காலப் புடிங்க!"

பத்து வருடத்தில் தங்கச்சி என்னை அதட்டியது அந்த ஒரு தடவைதான். பிடித்தேன். அக்காவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, சேலையால் கட்டி, மேல் வீதியில் நின்ற ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, மூன்று பேருமாகத் தூக்கினோம். அறுபத்தொரு படி. நாற்பதாவது படியில் என் மூச்சு அடைத்து, கதிரையை வைக்க வேண்டி வந்தது. அக்கா கண்ணைத் திறந்து, "இறக்கி விடுங்கோ, நான் நடக்கிறன்" என்றார். பிறகு மறுபடியும் தலை சாய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். ஜூலை 2ஆம் திகதி வாயால் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண். அதன் அடியில் இரத்தம் கசிந்துகொண்டிருந்த இடத்தை அந்தக் குழாய் வழியாகவே ஊசி போட்டு அடைத்தார்கள். புண்ணின் ஓரத்தில் இருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்; கிருமி இருக்கிறதா என்றும், வயதானவர் ஆகையால் வேறு ஏதாவது கெட்டது இருக்கிறதா என்றும் பார்க்க. வாட்டில் இருந்த இளம் பெண் வைத்தியர் மட்டக்களப்புக்காரர். இதையெல்லாம் எனக்குத் தமிழில் சொன்னவர் அவர்தான். அடுத்த நாள் மதியம் பார்வை நேரத்தில் என்னிடம் வந்தார்.

"ஐயா, நீங்க எல்லாத்தையும் திகதியோட எழுதி வச்சிருக்கிறீங்களாமே. அம்மா சொன்னாங்க. எப்ப இருந்து கறுப்பாப் போகுது, எப்ப என்ன மருந்து குடுத்த எண்டு சரியாத் தெரிஞ்சா நல்லம். பின்னேரம் வரேக்குள்ள கொண்டு வாங்க."

சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். இதைச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கொப்பிகளை ஒருவர் கேட்டார் என்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் பச்சையையும் சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். ஒரு பக்கம் ஜூன் 3. மறு பக்கம் ஜூன் 12.

தங்கச்சி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்று, தொடங்கி, நின்றது. நான் பச்சைக் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். வலிக் குளிசை ஒரு நாள் கூட விடுபடாமல் பெப்ரவரி வரை போனது. வயிற்றுக் கப்சியூல் மார்ச் 17இல் நின்றது. எல்லாம் என் கையெழுத்தில், படிக்க எளிதாக இருந்தன. வேறு யாராவது வந்து ஒரு நிமிடம் பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருப்பார்கள்.

பிறகு ஒரு வெள்ளைக் கடதாசி எடுத்து, வைத்தியருக்கு ஒரு சுருக்கம் எழுதினேன். "ஜூன் 12: இரும்புச்சத்துக் குளிசை ஆரம்பம். அதன் பின் கருமலம் அவதானிக்கப்பட்டது." அவசரத்திலோ மறதியிலோ எழுதியதல்ல. இரண்டு கொப்பிகளும் எனக்கு முன்னால் விரிந்து கிடக்க, அதை எழுதினேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். கொப்பிகளை வீட்டில் விட்டுப் போக நினைத்தேன். அது மட்டும் முடியவில்லை. பஸ் ஏறும்போது பைக்குள் இருந்தன.

அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

"கொண்டு வந்தனியே?"

"வைத்தியருக்கெண்டு தனியா ஒரு தாள் எழுதினனான் அக்கா."

"அதை விடு. கொப்பியைத் தா. கண்ணாடி அந்த மேசையிலை கிடக்கு, எடு."

விடைத்தாள் திருத்துகிறவர் போல இரண்டையும் மடியில் விரித்தார். நான் கட்டில் காலடியில் நின்றேன். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது.

"தம்பி, இரும்பு ஒன்பது நாள் பிந்துது."

"ஓம்."

"அண்டைக்கு கிளினிக்கிலை 'பஸ்ஸே' எண்டு சொன்னாய்."

"ஓம் அக்கா."

"பொக்கற்றிலை இருக்கிற தாளிலை என்ன எழுதியிருக்கிறாய்?"

எடுத்துக் கொடுத்தேன். வாசித்தார். திருப்பி என்னிடம் நீட்டினார்.

"கிழி. நான் கிழிக்க மாட்டன், எனக்கு ஒரு கைதான் இருக்கு. நீ கிழி."

கிழித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்மணி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ எழுதுவாய். எழுதினதைத் திருப்பி வாசிக்க மாட்டாய். சின்னனிலையும் உனக்கு இதுதான். கணக்கைச் செய்துபோட்டு விடையைச் சரிபாக்காமல் விளையாடப் போடுவாய்."

"அக்கா, நான்..."

"அழாதை. இங்கை எல்லாரும் நான் செத்துப் போட்டன் எண்டு நினைக்கப் போகினம்." கண்ணாடியை என்னிடம் நீட்டினார். "எனக்கும் அந்தக் குளிசை வேண்டாம் எண்டுதான் இருந்தது. வயிறு ஏதோ செய்தது, நோவில்லை, ஆனால் ஏதோ செய்தது. நான் வாவிக்கு வராட்டில் நீ மூலைக்குள்ளை போய் இருந்திடுவாய். அதுதான் விழுங்கினனான்."

இதை அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். நான் அந்த வாக்கியத்தை இன்றுவரை எந்தக் கொப்பியிலும் எழுதவில்லை. இங்கேதான் முதல் தடவை எழுதுகிறேன்.

வைத்தியர் வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜூன் 3. நான்கு மாத வலிக் குளிசை, இடைக்கிடை அல்ல. நிறுத்திய கப்சியூல். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டிலில் தொங்கிய அக்காவின் நோய்க்குறிப்பு டிக்கெட்டை எடுத்து, முன்பு எழுதியிருந்ததை ஒரு கோட்டால் வெட்டி, புதிதாக எழுதினார்.

"இரும்பால கறுத்தா கொஞ்சம் பச்சை கலந்த கறுப்பாத்தான் இருக்கும், ஐயா. இப்பிடி ஒட்டாது, மணக்காது. தார் மாதிரிப் போனா அது ரத்தம்."

"எங்கட வீட்டிலை உதவிக்கு நிக்கிறவ அதைத்தான் சொன்னவ."

"அவங்க சரியாத்தான் சொல்லியிருக்கிறாங்க." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "வயசு போனவங்களுக்கு வலியே இல்லாம புண் வரும். வலிக் குளிசை எடுக்கிறவங்களுக்கு இன்னும் கூடத் தெரியாம போயிரும், அது அந்த வலியையும் மறைச்சிரும். களைப்பு, பசியில்லாம போறது, முகம் வெளுக்கிறது, இதுகள்தான் தெரியும். இனி அந்தக் குளிசையத் தொடவே வேணாம். அஸ்பிரினை எப்ப திருப்பித் தொடங்கிற எண்டு நாங்க சொல்லுவம், நீங்களா ஒண்டும் செய்யக் கூடாது. வயிற்றுக் கப்சியூலை ஆரும் நிப்பாட்டக் கூடாது."

"ஆரும் எண்டால் இவர்தான்" என்றார் அக்கா.

பரிசோதனை முடிவில் கிருமி இருப்பதாக வந்தது. வேறு கெட்டது எதுவும் இல்லை. இரண்டு வாரத்துக்குக் கிருமிக்கான மருந்து. புண் ஆறும்வரை கப்சியூல் காலையும் மாலையும், அஸ்பிரின் திரும்பத் தொடங்கிய பிறகு தினம் ஒன்று. அப்போதும் நான் எலும்பைப் பற்றிக் கேட்டேன். "நியாயமான கேள்விதான் ஐயா, ஆனா அதை எங்கள்ட்டக் கேட்டிருக்கணும்" என்றார் மட்டக்களப்பு வைத்தியர். முழங்காலுக்குச் சுடுநீர் ஒத்தடமும், நாற்காலியில் இருந்தபடியே காலை நீட்டி மடக்கும் பயிற்சியும், ஒரு கைத்தடியும். வலி கூடினால் பரசிட்டமோல், அதுவும் அளவோடு. ஜூலை 8ஆம் திகதி வீட்டுக்கு வந்தோம். கதிரையில் படி இறங்க அக்கா சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு பத்துப் படிக்கும் இளைப்பாறி, அறுபத்தொன்றையும் தானே இறங்கினார். தங்கச்சி முன்னால் பின்பக்கமாக இறங்கினார், இரண்டு கையையும் விரித்தபடி.

மருந்துத் துண்டோடு மடவளைக்காரரிடம் போனேன். முழுவதையும் சொன்னேன், வேறு கடைக்குப் போனதையும் சொன்னேன். அவர் துண்டை இரண்டு பக்கமும் திருப்பி வாசித்தார்.

"ராத்தா இப்ப சொகமா ஈக்காங்களா?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ். அது போதும்." மருந்தை உறையில் போட்டபடி, "இந்தத் துண்டு எத்தின நாளைக்குன்னு நீங்களே சத்தமா வாசிங்க, சேர். ஆக்கள் கேக்கட்டும்" என்றார்.

கடையில் நின்ற நான்கு பேருக்குக் கேட்கும்படி வாசித்தேன்.

இப்போது ஒரே கொப்பிதான். இடது பக்கம் மருந்து, வலது பக்கம் நடப்பு, ஒரே திகதி. தங்கச்சி சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா சிவப்புப் பேனாவோடு அதைப் பார்க்கிறார். செப்டெம்பரில் மறுபடியும் குழாய் விட்டுப் பார்த்தபோது புண் ஆறியிருந்தது. வாவியில் பாதி தூரம் போய், வாங்கில் சற்று இளைப்பாறி, வந்த வழியே திரும்புகிறோம். பறவை மரங்கள் மற்றப் பாதியில் இருக்கின்றன. குடையை விரிக்க வேண்டியிருப்பதில்லை.

கணக்கு இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். மூன்றாம் திகதியில் இருந்து பன்னிரண்டாம் திகதி வரை ஒன்பது நாள். விழுந்த நாள் வரை இருபத்தேழு. என் பிழையின் நீளம் அவ்வளவு.

செப்டெம்பர் கடைசியில் ஒரு காலை, தங்கச்சி ஊரில் இருந்து பலாப்பழத்தோடு வந்தார். அதை வெட்டிக்கொண்டிருக்கும்போது, எதையோ நினைத்தவராக, "போன தடவ பழம் கொண்டாந்த அன்னைக்குத்தானே ஐயா மொதல்ல ஒங்ககிட்ட சொன்னேன்" என்றார்.

"எதை?"

"டீச்சரம்மாவுக்கு கருப்பா போனத."

"அது ஜூன் மூன்று. நான் பேப்பர் பாத்துக்கொண்டு இருந்தன்."

"அது ரெண்டாவது தடவங்க. மொத தடவ நீங்க ரேடியோவுல நியூஸ் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. கைய இப்பிடி காட்டுனீங்க." உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். பொறு என்று சொல்லும் கை. அது என்னுடைய கைதான். நான் அப்படித்தான் காட்டுவேன்.

பழைய சிவப்புக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அவர் பலாப்பழத்தோடு ஊரில் இருந்து வந்தது மே 26, திங்கட்கிழமை. பழத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன்: "நல்ல இனிப்பு." வேறொன்றும் இல்லை. அந்த வாரத்துத் துண்டுக் கடதாசிகளை, வழக்கம் போல, ஞாயிற்றுக்கிழமை கிழித்து எறிந்துவிட்டேன்.

அக்காவைக் கேட்டேன். மே மாதத்தில் மலத்தின் நிறத்தைத் தான் கவனிக்கவில்லை என்கிறார். தங்கச்சியை மறுபடியும் கேட்டேன், இந்த முறை பேனா இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாந்தான் மாத்தி சொல்றனோ என்னமோங்கய்யா. வயசாச்சுல்ல. விட்ருங்க."

ஆகவே பதிவுக்காக: மே 26ஆம் திகதி எனக்கு அது சொல்லப்பட்டதா என்பது உறுதியாகவில்லை. சொல்லப்பட்டிருந்தால், ஒன்பது என்பது பதினேழு ஆகும். அவர் உண்மையிலேயே மாற்றிச் சொன்னாரா, அல்லது என்னைப் பார்த்து இரங்கி விட்டுக்கொடுத்தாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அந்தத் திகதிக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். மையால் எழுத என்னிடம் ஆதாரம் இல்லை.